"சொன்னோம்தானே" என்பது பதில் இல்லை

ஒரு செய்தியை அனுப்பி முடித்தால் அனுப்பினவரின் வேலை முடிந்துவிடுமா? வாங்க வேண்டியவர் அதை வாங்கினாரா, வாங்குகிற நிலையில் இருந்தாரா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விக்கு எங்கள் ஹல்துமுல்லைப் பக்கம் அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் கேர்னலை எழுதுகிறவர்கள் வேறொரு பதில் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவது பதில்தான் சரியாகப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கலைப்பீடத்து ஆட்களுக்கு கேர்னலோடு என்ன வேலை என்று கேட்பீங்க. நியாயம்தான். எங்களில் ஒருத்தருக்கும் சி மொழியில் ஒழுங்காக நாலு வரி எழுத வராது. ஆனால் கேர்னலில் ஒரு வரியை மாற்றினாலும், ஏன் மாற்றினோம், முன்பு என்ன பிழை, அந்தப் பிழையை யார் கொண்டுவந்தது என்று ஒரு குறிப்பு எழுதி அதோடு சேர்த்து வைக்கிறார்கள். அந்தக் குறிப்புகள் யாரும் வாசிக்கலாம் என்று திறந்து கிடக்கின்றன. நாங்கள் வாசித்தது கோடை விட அந்தக் குறிப்புகளைத்தான். வரலாறு படிக்கிற ஆளுக்கு அவை நல்ல ஆவணங்கள்.

முதலில் பைப் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1964இல் பெல் ஆய்வுகூடத்தில் இருந்த டக் மெக்கில்ராய், புரோகிராம்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு வழி வேண்டும் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். அதற்கு அவர் எடுத்த உதாரணம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப். ஒரு துண்டு போதாவிட்டால் இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்ப்பது மாதிரி. 1973இல் கென் தொம்சன் அதை யுனிக்ஸில் செய்து காட்டினார். ஒரு புரோகிராம் ஒரு முனையில் எழுதும், இன்னொன்று மறு முனையில் வாசிக்கும். இன்றைக்கும் லினக்ஸில் அதே ஏற்பாடுதான். உங்கள் கையில் உள்ள அண்ட்ரொய்ட் போனுக்கு உள்ளேயும் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான்.

லயத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மேலே ஊற்றில் ஒரு முனை, கீழே பீலியில் ஒரு முனை. மேலே தண்ணி நிறைய இருக்கு என்று ஒருத்தர் சத்தியம் செய்யலாம். கீழே வாளி வைத்துக் காத்திருக்கிற அக்காவுக்கு அந்தச் சத்தியத்தால் பிரயோசனம் இல்ல. இடையில் எங்கே அடைத்திருக்கு, எங்கே வெடித்திருக்கு, கீழே யாராவது வாளியோடு நிற்கிறாங்களா என்பதுதான் விஷயம்.

கம்ப்யூட்டர் பைப்புக்கும் இதே சிக்கல் உண்டு. லினக்ஸில் ஒரு பைப் சாதாரணமாக 65,536 பைட் பிடிக்கும். நிறைந்துவிட்டால் எழுதுகிறவர் காத்திருக்க வேண்டும். வெறுமையாக இருந்தால் வாசிக்கிறவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற புரோகிராமைக் கேர்னல் தூங்க வைத்துவிடும். நேரம் வந்ததும் எழுப்பும். "பைப் தயாரா?" என்று கேட்கிறதுக்கு போல், செலெக்ட், ஈபோல் என்று சில வழிகள் இருக்கின்றன. கேட்கவும் எழுப்பவும் என்று இருக்கிற கோட் மிகச் சின்னது. ஆனால் மேலே ஓடுகிற ஏராளமான புரோகிராம்கள் அதை நம்பித்தான் தூங்குகின்றன.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. வாசிக்கிற முனையில் ஒருத்தருமே இல்லாத பைப்பில் ஒரு புரோகிராம் எழுதப் போனால் என்ன நடக்கும்? கேர்னல் அதற்கு ஒரு சிக்னல் அனுப்பும். அதற்கென்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத புரோகிராம் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். சிக்னல் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தாலும், எழுதின வேலை பிழைத்துப்போச்சு என்ற பதில் கட்டாயம் வரும். கேட்க ஆளில்லாத இடத்தில் பேசிவிட்டு "என் கடமை முடிந்தது" என்று போக அங்கே வழி இல்லை.

2019 கடைசியில் லினக்ஸில் இந்தப் பைப் கோடைப் பெரிதாகச் சுத்தம் செய்தார்கள். எவ்வளவு எழுதியாச்சு, எவ்வளவு வாசிச்சாச்சு என்பதைத் தலை, வால் என்று இரண்டு எண்களால் பின்தொடர்கிற முறைக்கு மாற்றினார்கள். அந்த வேலையில் ஒரு சின்னப் பிழை புகுந்தது. "பைப் தயாரா?" என்று பார்க்கிற இடத்தில், கோட் முதலில் தலையையும் வாலையும் பார்த்தது, அதற்குப் பிறகுதான் "என்னை எழுப்புங்க" என்று காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் யாராவது எழுதினால்? பார்த்தபோது வெறுமை. எழுதினபோது இவர் பெயர் பட்டியலில் இல்லை. ஆகவே எழுப்ப ஆளில்லை. செய்தி பைப்புக்குள் இருக்கும், இவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

அதே டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் திருத்தினார். திருத்தம் மிகச் சின்னது. பட்டியலில் பெயர் கொடுக்கிற வரியை மேலே தூக்கி வைத்தார், அவ்வளவுதான். அதோடு எழுதின குறிப்பில் அடிப்படை விதியையும் சொல்லியிருந்தார். முதலில் பட்டியலில் சேர், பிறகு நிலைமையைப் பார். அந்த ஒழுங்கு மாறினால் இடைவெளியில் வருகிற செய்தி தொலையும்.

எங்கள் கட்டுரைக்கு முக்கியமான கதை இதற்கு அடுத்தது.

அதே சுத்திகரிப்பில் டோர்வால்ட்ஸ் இன்னொரு மாற்றமும் செய்திருந்தார். பைப்பில் ஏற்கெனவே செய்தி கிடந்தால், புதிதாக எழுதும்போது வாசிக்கிறவரை மறுபடி எழுப்பத் தேவையில்லை. ஏற்கெனவே கிடப்பது அவருக்குத் தெரிந்திருக்கும்தானே. தர்க்கம் சரி. வீணாக எழுப்பினால் பல புரோகிராம்கள் ஒரேயடியாக எழும்பி முட்டிமோதும், வேகம் குறையும். ஆகவே வீண் எழுப்புதலை நீக்கினார். கோட் அழகானது.

2021இல் ஒரு முறைப்பாடு வந்தது. அண்ட்ரொய்டில் பல ஆப்கள் பயன்படுத்துகிற ஒரு டேட்டாபேஸ் லைப்ரரி, புதிய கேர்னலில் நின்றுபோகிறது. காரணம் தேடினார்கள். அந்த லைப்ரரி ஈபோலைப் பிழையாக விளங்கியிருந்தது. "வெறுமையாக இருந்த வாளியில் தண்ணி விழத் தொடங்கினால் சொல்லு" என்பது ஒரு வகைக் கேள்வி. "ஒவ்வொரு சொட்டு விழும்போதும் சொல்லு" என்பது வேறு கேள்வி. லைப்ரரி முதலாவதைக் கேட்டுவிட்டு, இரண்டாவது கிடைக்கும் என்று நம்பியிருந்தது. பழைய கேர்னல் தேவையில்லாமல் ஒவ்வொரு தடவையும் எழுப்பினதால் அந்தப் பிழை பல வருஷம் வெளியே தெரியவில்லை.

இப்போ யார் மேல் பிழை? விதிப் புத்தகத்தைத் திறந்தால் லைப்ரரி எழுதினவர் மேல்தான். "ஒழுங்காக வாசித்துவிட்டு வா" என்று கதவைச் சாத்தியிருக்கலாம். டோர்வால்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பயன்பாடு பிழையானது என்று குறிப்பில் வெளிப்படையாகவே எழுதிவிட்டு, 2021 யூலை கடைசியில் கேர்னலையே மாற்றினார். எழுதும்போதெல்லாம் வாசிக்கிறவரை எழுப்பு என்று பழைய நடத்தையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கேர்னல்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய சட்டம் உண்டு: கீழே நாம் செய்த மாற்றத்தால் மேலே ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றால், பிழை நம்முடையது. மேலே இருப்பவர் விதியை விளங்கினாரா இல்லையா என்பது இரண்டாம் பட்சம்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். ஒரு கோடையும் ஒரு மலையையும் ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: செய்தி போகவில்லை என்றால், அல்லது போயும் ஆள் எழும்பவில்லை என்றால், பொறுப்பு எந்த முனையில்?

2014 ஒக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயன்கள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்ததால் தப்பின பிள்ளைகள் வீடும் பெற்றவர்களும் இல்லாத இடத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்த மண் காய்வதற்கு முன்பே அதிகாரத் தரப்பிலிருந்து வந்த பதில் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2005லேயே ஆபத்து என்று சொன்னோம், அதற்குப் பிறகும் சொன்னோம், மக்கள் போகவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தது உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். பைப்பின் மேல் முனையில் செய்தி இருந்தது.

கீழ் முனையில் என்ன இருந்தது? லயத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அந்த அறை சொந்தம் இல்லை, நிலமும் சொந்தம் இல்லை. காணி அரசுடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். ஒரு அறையைக் கூட்டிக் கட்டுவதற்கே தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய ஆளைப் பார்த்து "இடம் மாறு" என்று சொன்னால், எங்கே மாறுவது? யாருடைய காணிக்கு? தோட்டத்தை விட்டுத் தூரம் போனால் காலையில் பிரட்டுக்கு எப்படி வருவது? பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. "போ" என்ற செய்தியோடு "இங்கே போ" என்ற இடமும் வந்திருந்தால்தான் கீழ் முனை திறந்திருந்தது என்று சொல்லலாம். மீரியபெத்தையில் தப்பினவர்களுக்கே புது வீடு கிடைத்தது 2016இல். உயிர் போன பிறகே அவ்வளவு காலம் எடுத்த வேலையை, உயிர் போகமுன் மக்கள் தாங்களாகச் செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

டோர்வால்ட்ஸின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரு போன் ஆப் நின்றுபோனதற்கே, "வாசிக்கிறவர் பிழை செய்தார், ஆனால் எழுப்புவது நம் பொறுப்பு" என்று கோடை மாற்றினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு லயத்தையே மண் மூடின பிறகும் "சொன்னோம்தானே" என்றுதான் பதில் வந்தது. கேட்க ஆளில்லாத பைப்பில் எழுதினால் எழுதினவருக்கு அடி விழும் என்று ஒரு ஏற்பாடு கேர்னலில் இருக்கு. ஒரு எச்சரிக்கைக் கடிதம் பயனில்லாமல் கிடந்தால் அனுப்பின அலுவலகத்துக்கு என்ன திரும்பி வருது? ஒன்றும் வராது. கோப்பில் "அறிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி மக்களைக் காப்பாற்றாது, அதிகாரியைக் காப்பாற்றும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எடுத்ததுக்கெல்லாம் எழுப்பினால் யாருமே எழும்ப மாட்டாங்க. மழைக்காலத்தில் நாளுக்கு மூன்று எச்சரிக்கை வந்தால், நாலாவதைப் பார்க்காமல் போனைக் கவிழ்த்து வைப்போம். நாலு தடவை பிள்ளை குட்டியோடு பாடசாலைக்குப் போய்த் திரும்பி வந்த குடும்பம் ஐந்தாவது தடவை யோசிக்கும். இது உண்மையான பிரச்சினை.

கேர்னல்காரர்களுக்கும் இதே தலையிடி வந்தது. எல்லாரையும் எப்போதும் எழுப்பு என்று மாற்றின உடனே வேகம் குறைந்ததைப் பரிசோதனை ஒன்று காட்டியது. அதற்காக "சரி, எழுப்பவே வேண்டாம்" என்று பழையபடி போகவில்லை. அடுத்த மாதமே, 2021 ஓகஸ்டில், போல் அல்லது ஈபோல் வழியாகக் காத்திருக்கிற பழக்கம் உள்ள பைப் எது என்று ஒரு அடையாளம் வைத்தார்கள். அந்தப் பைப்புகளில் மட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் எழுப்பு, மற்றவற்றில் தேவைக்கு மட்டும். வாசிக்கிறவர் யார், எப்படிக் காத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டால் அளவாக எழுப்பலாம். தெரியாவிட்டால் எல்லாரையும் எழுப்ப வேண்டும், அல்லது ஒருத்தரையும் எழுப்ப முடியாது.

இன்னொரு பாடமும் பக்கத்திலேயே கிடக்குது. 2025 தொடக்கத்தில், தேவையில்லாத வேறொரு எழுப்புதலையும் கோடிலிருந்து நீக்கினார்கள். உடனே ஒரு பரிசோதனைப் புரோகிராம் தொங்கி நின்றது. தேடிப் பார்த்தால் பிழை வேறு இடத்தில். பைப்பில் இடம் இருக்கா என்று பார்க்கிற கோட் தலையை ஒரு கணத்திலும் வாலை இன்னொரு கணத்திலும் பார்த்தது. நடுவில் நிலைமை மாறினால், இடம் இருக்கிற பைப்பும் நிறைந்ததாகத் தெரியும். எழுதுகிறவர் தூங்கப் போய்விடுவார். அதுவரை அந்த "வீண்" எழுப்புதல்தான் இந்தப் பிழையை மறைத்து எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டு இருந்தது. இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்கும்படி அந்த மார்ச்சில் திருத்தினார்கள். மேலே இருந்து பார்க்கிறவருக்கு வீணாகத் தெரிகிற ஒன்று கீழே இருப்பவருக்கு உயிர்ப்பிடியாக இருக்கலாம். தோட்டத்தில் யாரோ ஒரு அண்ணன் இரவு மழையில் டோர்ச் அடித்துக்கொண்டு லயம் லயமாகக் கத்திக்கொண்டு போவதும் அப்படி ஒரு "வீண்" வேலைதான். எல்லாருக்கும் எஸ்எம்எஸ் போகிறதே என்று அதை நிறுத்தினால், என்ன மறைந்திருந்தது என்று பிறகுதான் தெரியவரும்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்.

ஒன்று, பெயர்ப் பட்டியல் மழைக்கு முன்பே இருக்க வேண்டும். எந்த லயத்தில் எத்தனை பேர், நடக்க முடியாத பாட்டி யார், கர்ப்பிணி யார், போன் இல்லாத வீடு எது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மழை தொடங்கின பிறகு பட்டியல் எடுக்கப் போனால் நடுவில் வருகிற செய்தி தொலையும். முதலில் சேர், பிறகு பார்.

இரண்டு, மழை அளவு லயத்துக்குத் தெரிய வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் வெளியேறத் தயாராகு, 150 என்றால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 என்றால் உடனே வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கு. நல்ல அளவுகள், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இந்த மூன்று எண்களும் பிரட்டுக்களத்தில், கோயில் சுவரில், பிள்ளைக் காம்பராவில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கு இங்கே எவ்வளவு பெய்தது என்பதும் அதற்குக் கீழே தினமும் எழுதப்பட வேண்டும். அளவு ஒரு இடத்திலும் ஆபத்து இன்னொரு இடத்திலும் இருந்தால், தலையை ஒரு கணத்திலும் வாலை இன்னொரு கணத்திலும் பார்த்த கதைதான்.

மூன்று, தமிழ் அறிவித்தல் சிங்கள அறிவித்தலோடு அதே நிமிஷத்தில் வர வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு மொழியில் வந்தது பதினொன்றுக்கு இன்னொரு மொழியில் வந்தால், அந்த இரண்டு மணித்தியாலம் யார் தூங்கிக்கொண்டு இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

நாலு, பதில் திரும்ப வேண்டும். எச்சரிக்கை அனுப்பினவர், இந்த லயத்தில் இன்னார் வாங்கினார், இத்தனை குடும்பம் வெளியேறினது என்று பதில் வரும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்கக் கூடாது. பதில் வராவிட்டால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு நாங்கள் அழைக்க 117 இருக்கு, நல்லது. எதிர்த் திசையிலும் ஒரு அழைப்பு வர வேண்டும் என்கிறோம்.

ஐந்து, போக இடம் வேண்டும். இது தற்காலிக மண்டபத்தோடு முடிகிற விஷயம் இல்லை. வெளியேறின நாளுக்குப் பேர் போட வேண்டும், சம்பளம் வெட்டக் கூடாது. நிரந்தரமாகச் சிவப்பு என்று குறித்த இடத்தில் இருக்கிற குடும்பங்களுக்குக் காணியும் வீடும் உறுதிப்பத்திரத்தோடு வேண்டும். அது இல்லாமல் முதல் நாலும் நடந்தாலும் கீழ் முனை மூடித்தான் இருக்கும்.

இவை ஒன்றும் புதுக் கோரிக்கை இல்ல. எங்களுக்கு முன்பே பலர் சொன்னவைதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடி மலைகள் இறங்கின, மறுபடி ஆட்கள் மண்ணுக்குள் போனார்கள். மீரியபெத்தைக்குப் பிறகு பதினொரு வருஷம். ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை போனதா இல்லையா என்றுதான் விவாதம் நடக்குது. போனது எங்கே போய் நின்றது என்று யாரும் விசாரிப்பதில்லை.

கேர்னலை நாங்கள் சொர்க்கமாகக் காட்டவில்லை. அங்கேயும் பிழை விடுகிறார்கள், மேலே சொன்ன மூன்று கதையும் பிழைக் கதைதான். அங்கே எங்களுக்குப் பிடித்தது, பிழையைத் திருத்துகிறவர் எந்தப் பக்கம் நின்று யோசிக்கிறார் என்பது. கீழே ஒரு வரியைத் தொடுகிறவர், அதை நம்பித் தூங்குகிற முகம் தெரியாத ஒருத்தரை மனதில் வைத்துத் தொடுகிறார். அவர் எழும்பாவிட்டால் தன் வரியைத்தான் முதலில் சந்தேகிக்கிறார். எங்கள் கச்சேரிகளிலும் தோட்டத்து ஒபிஸ்களிலும் அந்தப் பழக்கம் வர வேண்டும். அடுத்த இடைப்பருவ மழை தொடங்க முன்பு, உங்கள் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எங்கள் லயத்துக்கு எச்சரிக்கை வந்தால் அதை வாங்குகிற ஆள் யார், பெயரைச் சொல்லுங்க. பெயர் சொல்ல முடியாவிட்டால், அந்தப் பைப்பின் கீழ் முனையில் இன்னும் ஒருத்தரும் இல்லை.